டோக்கியோவில் ஏறிய இலங்கைக் கொடி

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைதானத்தில் உயரம் பாயப் பழகி, 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்போர்ன் என இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் இலங்கைக்காகக் களமிறங்கிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டி, இத்தேசத்துக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அந்த ஆண்டின் மே மாதக் கடைசியில்தான் இங்கே இனக்கலவரம் மூண்டு தமிழரின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கோ ஒரு தமிழ் இளைஞனின் பிரயாசையால் இலங்கையின் கொடி ஏறியது. இதனை நினைக்குந்தோறும் பெருமிதமும் துக்கமும் ஒருங்கே என் நெஞ்சை நிறைக்கின்றன.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கம் வென்ற எதிர்வீரசிங்கம், பின்னர் கல்வித்துறையில் பணியாற்றி, 2024இல் காலமானார்.

இவரைப் போலவே கல்வித்துறைக்குச் சென்ற, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கொரிய ஜூடோ வீரர் ஜியோன் கி-யங், ஓய்வுபெற்ற பின்னும் பேராசிரியராகக் கீர்த்தியுடன் விளங்குகிறார். நம்மவரின் கீர்த்தியோ வடக்கைத் தாண்டி ஊவா மலைகளுக்கு வந்து சேரவில்லை. மொனராகலையில், றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் செருப்பில்லாக் கால்களோடு ஓடிவந்து, மண்வெட்டியால் கொத்திப் புரட்டிய மணற்குழியில் விழுந்தெழும் இல்ல விளையாட்டுப் போட்டியில், இம்முறை உயரம் பாய்வதற்கான மூங்கிற்கம்பை ஒருதரமேனும் 2.03 மீற்றர் உயரத்தில் வைத்து, எதிர்வீரசிங்கத்தின் சரித்திரத்தைச் சொல்லும்படி விளையாட்டாசிரியரை வேண்டியிருக்கிறேன். அவரும் மனமுவந்து சம்மதித்திருக்கிறார்.