பட்டாசலைப் பிரிக்கும் முன்

சுரண்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

 

பிரிக்கவிருக்கும் நம் வீட்டைப் பார்க்க மர வியாபாரி வந்திருந்தார். தூண், உத்திரம், பனங்கை, நிலைக்கதவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். நான் பிடிகொடுக்கவில்லை. நீங்கள் முடிவெடுக்கும் முன் ஒரு வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் நீங்கள் இருக்கும் ஆஷ்ஃபோர்டிலிருந்து காரில் போய்வருகிற தூரந்தான், நார்தியம் கிராமம். அங்கே கிரேட் டிக்ஸ்டர் என்ற வீடு 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஓக் மரச் சட்டங்களைக் கூட்டி நிறுத்தி, இடைவெளியில் குச்சிப்படல் வைத்து மண் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். சட்டங்களை மர முளை அடித்தே இறுக்கினார்கள். நடுவில் கூரை வரை திறந்த பெரிய கூடம். அப்படிப்பட்ட வீடுகளில் தரை நடுவே நெருப்பு மூட்டுவார்கள். புகை கூரை வழியே வெளியேறும். நம் வீட்டில் அந்த இடத்தில் முற்றம்.

1910இல் நதானியேல் லாய்டு அதை வாங்கி, எட்வின் லட்யன்ஸிடம் ஒப்படைத்தார். புது டெல்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ்தான். கூடத்துக்குள் பின்னாளில் நுழைந்திருந்த தளங்களையும் தடுப்புகளையும் எடுத்துவிட்டுப் பழைய உயரத்தை மீட்டார். அதன் பிறகு செய்த காரியந்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெனண்டன் என்ற ஊரில் இடிபடவிருந்த 16ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கழற்றிக் கொண்டுவந்து, இந்த வீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள்.

நம் நாட்டிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து பழைய மரவீட்டைப் பிரித்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆசாரியைக் கூட்டிவந்து நம் வீட்டைக் காட்டினேன். மச்சில் ஏறி உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார், கணீரென்று கேட்டது. தூண் தலையில் போதிகை கழுந்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆணியே இல்லை, அலுங்காமல் கழற்றலாம் என்றார். கிழக்கு மூலையில் பனங்கை நாலைந்து மட்டும் செல்லரித்திருக்கிறது. சுவர் போனால் போகட்டும், மண்ணும் சுண்ணாம்பும் இங்கேயே கிடைக்கும். பட்டாசல் கூடத்தையும் முன் திண்ணையையும் மட்டும் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நிறுத்திவிடலாம். இந்த மனையில் நீங்கள் நினைத்தபடி மாடி வீடு கட்டிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அப்பா நெல் அளந்த பட்டாசல் எவனோ ஒருவனுடைய ஓட்டலுக்கு அலங்காரமாகப் போவதை என்னால் தாங்க முடியாது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் முன் ஓட்டை இறக்கினால்தான் மரம் நனையாது. சீக்கிரம் பதில் போடுங்கள். அதுவரை வியாபாரியிடம் முன்பணம் வாங்க மாட்டேன்.

அன்புத் தங்கை