பழைய உறை தந்த அளவு

பழுதடைந்த பொருளைக் கண்டதும் மாந்தர் இரு சாராராகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார் அதனைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதை வாங்குவர். மற்றொரு சாரார் அதன்மீது விரலும் படலாகாது என்று பேழைக்குள் வைத்துப் போற்றுவர். இவர்களுக்கு நடுவே மூன்றாவது கூட்டமொன்று உண்டு. பழுதை அவிழ்த்துப் பார்த்து, கெட்டதை நீக்கி, நல்லதைக் காத்து, அப்பொருளை மீண்டும் புழக்கத்திற்குக் கொண்டுவருபவர்கள் அவர்கள். அத்தகையார் ஒருவரோடு ஐந்து நாள்கள் அமர்ந்து நான் கண்டறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். பொருள் சிறியதுதான்: ஒரு பழைய காரின் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒரு பெட்டி.

கார், புரோட்டோன் சாகா. மலேசியர்களுக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் வெளியீடு கண்ட நாட்டின் முதல் தேசியக் கார் அது. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தாரின் லான்சர் ஃபியோரே என்னும் காரை அடியொற்றி ஷா ஆலாமில் உருவாயிற்று. சாகா என்பது ஒரு விதையின் பெயர். நம் குன்றிமணியை ஒத்தது. பொற்கொல்லர் பொன்னை நிறுக்கக் கையாண்ட மணி குன்றிமணி. உற்பத்தி வரிசையில் முதலாவதாக வந்த சாகா தேசிய அருங்காட்சியகத்திற்குச் சென்றது. பின்னர் வந்தவை நம்மவர் வீட்டு வாசல்களுக்கு வந்தன.

எங்கள் வாசலுக்கு அது 1988-இல் வந்தது. என் தந்தையார் தைப்பிங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் லோரி ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது, அதில் ஒரு பகுதியைக் கொண்டு அக்காரை வாங்கினார். வாழ்நாளெல்லாம் பிறர் வண்டியை ஓட்டியவர் தமக்கென்று ஒன்றை ஓட்டும் மகிழ்ச்சியை வாயால் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் அதனைக் கழுவித் துடைத்த கைகள் சொல்லின. மறு ஆண்டு, கமுண்டிங்கில் ஒரு குஷன் கடையில், இடக்கையை ஊன்றிக்கொள்வதற்கென்று ஒட்டுப்பலகையால் ஒரு பெட்டி செய்வித்து, கறுப்பு ரெக்சின் போர்த்தி, ஹேண்ட் பிரேக்குக்குப் பின்னால் பொருத்திக்கொண்டார். டோல் கட்டணச் சில்லறையும், மூக்குக் கண்ணாடியும், ஒரு சிறு விபூதிப் பொட்டலமும் அதனுள் இருக்கும். 2009-இல் அவர் மறைந்தார். கார் என்னிடம் வந்தது.

தைப்பிங் மழைக்குப் பெயர் பெற்ற ஊர்; வெயிலுக்கும் அங்கே குறைவில்லை. ரெக்சின் என்பது துணியின்மீது பூசப்பெற்ற பி.வி.சி. அதனை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை, மூடிய காரின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகின்றது. பின்பு அது இறுகிப் பிளக்கின்றது. அடியிலுள்ள ஸ்பாஞ்சைக் காற்றின் ஈரம் அரித்துப் பொடியாக்குகின்றது. ஒட்டுப்பலகையோ நீர் பட்டால் படலம் படலமாகப் பிரிகின்றது. எங்கள் பெட்டிக்கு இம்மூன்று கேடுகளும் நேர்ந்திருந்தன. மூடியின் வலப்புறத்தில், ஓட்டுநரின் முழங்கை படியும் இடத்தில், ஒரு பள்ளம் விழுந்து, ரெக்சின் தேய்ந்து, வெள்ளைத் துணி தெரிந்தது. அந்தப் பள்ளத்தில் என் முழங்கையை வைத்தே நான் பதினைந்து ஆண்டுகள் அக்காரை ஓட்டினேன்.

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். “இதை எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிப் போடுங்கள்” என்பதே மூன்றிலும் கிடைத்த மறுமொழி. நான்காவதாக நான் கண்டவர் அறுபத்தெட்டு வயது முதியவர். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

“போர்த்துவது அரை நாள் வேலை, ஐயா. போர்த்துவதற்கு முன்னால்தான் நான்கு நாள் வேலை இருக்கிறது. கூலி, புதுப் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். சம்மதமா?”

“சம்மதம் அண்ணே. ஆனால் நானும் உங்களோடு உட்காருவேன்” என்றேன். பள்ளி விடுமுறைக்காலம் அது.

முதல் நாள் முழுவதும் அவிழ்ப்பதிலேயே கழிந்தது. உறையைக் கிழித்தெடுக்க அவர் இசையவில்லை. முதலில், ஒவ்வொரு தையலின் குறுக்கேயும் இரு துண்டுகளையும் தொடுமாறு வெள்ளைப் பென்சிலால் சிறு கோடுகள் இட்டார். பின்னர் மீண்டும் தைக்கும்போது எது எதனோடு சேர வேண்டும் என்பதை அக்கோடுகளே காட்டும். அதன் பிறகு தையலை ஒவ்வோர் இழையாக அறுத்தார். மூடியின் மேல்துண்டு ஒன்று, அதனைச் சூழ்ந்த நீண்ட பட்டி ஒன்று, பெட்டியின் பக்கங்களுக்கு நான்கு என ஆறு துண்டுகள் மேசையில் விரிந்தன. கனச்சதுரத்தின் விரிப்பைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியவன் நான். அவ்விரிப்பு கைக்குள் புழங்குவதை அன்றுதான் கண்டேன்.

மூடியின் ஸ்பாஞ்சு எடுத்த எடுப்பிலேயே பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. என் தந்தையாரின் முழங்கைப் பள்ளம் அந்தப் பொடியில்தான் இருந்தது. கீழே பலகை சமமாகவே இருந்தது. குப்பைக்கூடையில் அதனைத் தட்டும்போது என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். “அப்பா வண்டியா, ஐயா?” என்று கேட்டார். தலையசைத்தேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அப்பள்ளத்தை எவ்வாறேனும் புதிய மூடியிலும் அமைத்துவிட முடியாதா என்று என் உள்ளம் அவாவிற்று. மறுநாள் அதனைக் கேட்டும்விட்டேன். அவர் மறுமொழி கூறாமல், பழைய மேல்துண்டை நடுவே மடித்துக் காட்டினார். இரு பாதிகளும் ஒன்றன்மீது ஒன்று பொருந்தவில்லை. வலப்பாதி விரலளவு பெரிதாய் நீண்டு கிடந்தது.

“தேய்ந்த பக்கம் இழுபட்டிருக்கும், ஐயா. அதை வைத்து வெட்டினால் புது உறை சுருங்கிச் சுருங்கி நிற்கும். தேயாத பக்கம்தான் சரியான அளவைச் சொல்லும்.”

இடப்பாதியை அட்டையின்மீது வைத்து வரைந்தார். பின் அதனைப் புரட்டி வைத்து மறுபாதியையும் வரைந்தார். முழு அளவு கிடைத்துவிட்டது. அந்த இடப்புறம் என் தாயார் அமர்ந்த பக்கம். எவ்வளவு நெடும்பயணமாயினும் அவர் கைகளை மடியிலேயே வைத்திருப்பார். 1989-இல் முதன்முதலாக வெட்டப்பட்ட வடிவம் அவர் பக்கத்தில் குலையாமல் காத்திருந்தது.

அடுத்த இரு நாள்களும் மரத்திற்கு உரியவை. பிரிந்த படலங்களுக்கிடையே மரப்பசையைச் செலுத்தி, கவ்விகளால் இறுக்கி, ஓரிரவு காயவிட்டார். ஆட்டங்கண்ட திருகாணித் துளைகளில் பசை தோய்த்த தீக்குச்சிகளை அடைத்தார். பழைய பசையின் கறையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். “கம் நல்லதாக இருந்தால் போதாது; அது பிடித்துக்கொள்ளும் இடமும் நன்றாக இருக்க வேண்டும்” என்பார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை இது.

ஐந்தாம் நாள் போர்த்தும் நாள். புதிய ரெக்சினை அட்டையின் அளவுக்கு மேல் தையலுக்கென ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினார். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும் என்று நைலான் நூலால் தைத்தார். பசையை இரு பரப்புகளிலும் தடவிவிட்டுக் கைகட்டி அமர்ந்தார். பத்து, பதினைந்து நிமிடங்கள் ஆறி, விரலில் ஒட்டாத நிலைக்கு வந்த பின்னரே இரண்டையும் சேர்க்க வேண்டுமாம். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் வெப்பத்தில் கொப்புளிக்கும். சேர்த்தபின் நகர்த்தவும் இயலாது. மூலைகளில் தலைமுடி உலர்த்தும் கருவியால் ரெக்சினைச் சூடாக்கி, மெல்ல இழுத்து, உட்புறம் மடித்து ஆணியடித்தார். மாலையில் பெட்டி மேசைமேல் நின்றது. அதன் மூடி இருபுறமும் ஒத்திருந்தது.

பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமன்று என்று நன்னூலார் மொழிக்கு விதி வகுத்தார். ஆயின் எது கழிய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தேர்வதிலேதான் நாம் தடுமாறுகின்றோம். முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் தேய்மானமும் உண்டு, அளவும் உண்டு. தேய்மானம் நம் அன்பைக் கவர்கின்றது. அவர் தொட்ட இடம் அது. எனினும் புதியதை வெட்டுவதற்கு உதவுவது அளவே. என் தந்தையார் ஒரு லோரியின் இருக்கையுறை கிழிந்தபோதெல்லாம் தயங்காமல் மாற்றியவர். வண்டி ஓட வேண்டும் என்பதே அவருடைய அளவு. அந்தப் பள்ளத்தை நான் காத்திருந்தால் கார் ஓடாத பொருளாகி, வாசலில் ஒரு நினைவுச்சின்னமாகியிருக்கும்.

இன்னொன்றையும் ஆசிரியன் என்ற முறையில் கூறியாக வேண்டும். படிக்காதவனுக்குப் பட்டறைதான் கதி என்று நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அச்சுறுத்தும் வழக்கம் இன்னும் மாயவில்லை. அம்முதியவர் ஐந்து நாள்களில் கையாண்ட வடிவியலும், வேதியியலும், பொறுமையும் பட்டறைக்கு வெளியே வந்தவையல்ல. அவருக்குப் பின் அக்கடையை நடத்த ஆளில்லை. அவருடைய சுவரில் ஆணியொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் தொங்குகின்றன; ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரின் அளவு. எங்கள் பெட்டியின் அட்டையையும் அங்கேயே மாட்டினார். “அடுத்த முறை கிழிந்தால் அவிழ்க்க வேண்டியதில்லை” என்றார். அடுத்த முறை அவ்வட்டையை எடுத்து வெட்டத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் இடங்களுள் அக்கடையையும் சேர்த்திருக்கின்றேன்.