ஆச்சியின் சுழியும் ஓர் இலவச டிரைவரும்

புனேயில் வளரும் என் பெண்ணுக்கு மராத்தியும் இந்தியும் பள்ளியிலேயே வந்துவிட்டன. தமிழுக்கு மட்டும் திருநெல்வேலி ஆச்சிதான் வாத்தியார். ஞாயிறு காலை வீடியோ காலில் வகுப்பு. நோட்டில் எழுதித் தூக்கிக் காட்டினால் ஆச்சிக்கு ஆகாது. "எழுதினது இருக்கட்டும்ட்டி, எங்கே ஆரம்பிச்சே?" என்பார். நியாயம்தானே! மூன்று சுழி ண-வை வாலில் இருந்து தொடங்கி ஒப்பேற்றினாலும் காகிதத்தில் தெரியாது.

அதற்காகவே ஒரு பென் டேப்லெட் வாங்கினோம். திரையைப் பகிர்ந்தால் ஒவ்வொரு இழுப்பும் ஆச்சிக்குத் தெரியும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11-ஐ ஏற்கும் தகுதி என் கிழட்டு லேப்டாப்புக்கு இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டேன். டேப்லெட் கம்பெனியிடம் இந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் கிடையாது. சுட்டி நகர்ந்தது, அழுத்தம் மட்டும் பதியவில்லை. "புதுசு வாங்கிடலாமே" என்றார் தங்கமணி. (என் பர்ஸ் அவருக்குத் தெரியாதா என்ன!)

கைகொடுத்தது ஓபன்டேப்லெட்டிரைவர். கட்டற்ற மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக ஒரு சின்ன விவரக் கோப்பு வைத்திருக்கிறார்கள். அதனால் கம்பெனி கைவிட்ட மாடலும் இதில் பிழைத்துக்கிடக்கும்.

மின்ட், உபுண்டுக்காரர்களுக்கு டெப் பொதியே இருக்கிறது. நிறுவியபின் ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள். காரணம் உண்டு. லினக்ஸ் கெர்னலில் ஏற்கெனவே உள்ள டேப்லெட் டிரைவர் முந்திக்கொண்டு கருவியைப் பிடித்துவைத்திருக்கும். அதை ஒதுக்கிவைக்கும் அமைப்பும், சாதாரணப் பயனருக்குக் கருவியைத் தொட அனுமதி தரும் யுடெவ் விதிகளும் பொதியிலேயே வருகின்றன. ரீபூட்டில் இரண்டும் அமலாகிவிடும். பின்னணியில் ஓடும் சேவைதான் உண்மையான டிரைவர். நாம் பார்க்கும் ஜன்னல் வெறும் அமைப்புப் பலகை. அதில் 'ஆர்ட்டிஸ்ட் மோட்' தேர்ந்தெடுத்ததும் கிரிட்டாவில் அழுத்தம் வந்துவிட்டது.

ஆனாலும் ஆச்சி விடவில்லை. "சுழி ஏன் கொழுக்கட்டை மாதிரி இருக்கு?" என்றார். பிள்ளை வட்டமாகத்தான் போட்டிருந்தாள். டேப்லெட்டின் எழுதும் பரப்பு 160 x 100 மி.மீ., திரையோ 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரையில் விரித்தால் வட்டம் சுமார் 11 சதவீதம் அகலமாகிவிடும். உயரத்தை 90 மி.மீ. ஆக்கி, விகிதத்தைப் பூட்டினேன். கீழே 10 மி.மீ. வீண், போகட்டும். சுழி சுழியானது. அன்றைக்கே ண முடிந்து ஞ-வுக்குப் போய்விட்டார்கள் :-)

பழைய டேப்லெட்டைச் சொந்தக்காரப் பிள்ளைகளிடமிருந்து வாங்குவதாக இருந்தால், முதலில் அடிப்பக்கத்து மாடல் எண்ணைப் பார்த்து, இந்த டிரைவரின் தளத்தில் உள்ள பட்டியலில் தேடுங்கள். பேனா கூடவே இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு மாடலின் பேனா இன்னொன்றில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.