அக்கா ஊட்டிய இரை

அரியர் பேப்பருக்குப் படிக்கத்தான் நூலகம் போனேன். கையில் கிடைத்ததோ ஒரு பறவைப் புத்தகம். விதி யாரை விட்டது?

புரட்டிய பக்கத்தில் 'இன்கா ஜே' என்ற பறவை. வெனிசுலாவிலிருந்து பொலிவியா வரை, ஆண்டிஸ் மலைத்தொடரின் ஈரக் காடுகளில் வாழ்கிறது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, கறுப்புக் கழுத்து, மூக்குக்கு மேல் நீலக் கொண்டை, மஞ்சள் கண். நம்ம ஊர்க் காக்காவுக்குச் சொந்தக்காரன் என்றால் யார் நம்புவார்கள்? 'கலர் டிவிக் காக்கா' என்று நானே பெயர் வைத்துச் சிரித்தேன்.

ஆனால் அடுத்து தெரிந்துகொண்ட விஷயம் சிரிக்க விடவில்லை.

இவை குடும்பமாகவே திரிபவை. கொலம்பியாவில் இவற்றைக் கவனித்து ஹம்பர்ட்டோ ஆல்வரெஸ் என்பவர் 1975-இல் எழுதியிருக்கிறார். வளர்ந்த பிள்ளைகள் உடனே தனிக்குடித்தனம் போவதில்லை. பெற்றோரோடு தங்கி, அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைகளுக்கு இரை தேடிக் கொண்டுவந்து ஊட்டுகின்றன!

இதன் நெருங்கிய சொந்தமான பச்சை ஜே அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கிறது. இரண்டையும் ஒரே இனம் என்பவர்களும் உண்டு. அங்கே கதை வேறு. பிள்ளைகள் ஒரு வருஷம் கூடவே இருக்கும், குடும்பத்தின் எல்லையைக் காக்கும். ஆனால் சின்னதுகளுக்கு ஒரு வாய் ஊட்டாது. புதுக் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வந்ததும் அப்பா பறவை பெரியதுகளைத் துரத்திவிடும்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

பத்தாவதில் அக்கா என்னைவிட நல்ல மார்க். அப்பா கீழே விழுந்து இடுப்பு போன வருஷம் படிப்பை விட்டுட்டு நூல் மில்லுக்குப் போனாள். என் செமஸ்டர் பீஸ், மினி டிராஃப்டர், பட்டறை வகுப்புக்குக் காக்கி உடுப்பு எல்லாமே அவள் நைட் ஷிப்டு காசு. முதல் வருஷம் ஹாஸ்டலில் ஒருத்தன், "உங்க அக்கா என்னடா பண்றாங்க?" என்று கேட்டான். "சும்மா வீட்லதான் இருக்காங்க" என்றேன். மில்லு வேலை என்று சொல்ல வெட்கம்.

உடன்பிறந்தது பிழைத்தால் தன் மரபணுவில் ஒரு பங்கும் பிழைக்கும், அதனால்தான் பறவைகள் உதவுகின்றன என்று அறிவியல் கணக்குச் சொல்கிறது. அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. போன லீவில் கேட்டாள்: "டேய், பிரைவேட்டா பன்னெண்டாவது எழுத இப்ப எவ்வளவு ஆகும்?" நான் காதில் வாங்காத மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் குஞ்சு!

ஹாஸ்டல் நண்பா, அன்று சொன்னது பொய். என் அக்கா மில்லில் வேலை செய்கிறாள். அவள் சம்பாதித்த சோற்றில்தான் நான் இன்ஜினியர் ஆகப் போகிறேன்.

வேலை கிடைத்ததும் என் முதல் சம்பளத்தில் அவளுக்குப் பரீட்சை பீஸ். இந்த மலரில் அச்சாகிவிட்டது, இனி பின்வாங்க முடியாது. அதற்கு முன்னால்... அந்த அரியரை முடிக்கணும் சாமி!

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்