பக்கத்து வீட்டுக் கிணறு

கயிற்றின் ஒரு முனை என் கையில் இருக்கிறது. மறுமுனையை அப்பா இழுத்துக்கொண்டு போகிறார். மணல் சுடுகிறது. காலில் செருப்பு இல்லை. கால் மாற்றி மாற்றி நிற்கிறேன். "விட்றாத தாயி" என்கிறார். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். யார் வீட்டுக்கு வானம் தோண்டப் பிடித்த கயிறு என்பது மறந்துவிட்டது. கயிறு விறைத்து நின்றதும் அதன்மேல் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். எடுத்ததும் மணலில் ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. அதை மிதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே சுற்றிக்கொண்டு போனேன்.

அப்பா கொத்தனார். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் எத்தனையோ சுவர் எழுப்பியவர் காகிதத்தில் ஒரு வீட்டையும் வரைந்ததில்லை. மணலில் குச்சியால் அறை அறையாகக் கீறுவார். "இதுதான் அடுப்படி, உள்ள வந்து நின்னு பாருங்க" என்று வீட்டு அம்மாவை அழைப்பார். அந்த அம்மா கோட்டுக்குள் வந்து, அடுப்பு ஊதுகிற மாதிரி குனிந்து, பானை இறக்குகிற மாதிரி திரும்பி, இடிக்கிறது என்பார். அப்பா காலால் கோட்டை அழித்து ஒரு முழம் தள்ளிப் போடுவார். சுவர் எழும்புவதற்கு முன்பே அந்த வீட்டில் ஆள் நடமாடிவிடும்.

ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நான், கட்டம் போட்ட தாளில் என் வீட்டை வரைய உட்கார்ந்தேன். மனை 36க்கு 60 அடி. ஐந்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தமிழக அரசு 2024 ஜூலை 22 அன்று தொடங்கிய சுயசான்று முறையில் அடங்குகிற மனை. மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ இருந்தால், பட்டாவையும் வரைபடத்தையும் இணையத்தில் ஏற்றிப் பணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து மனையைப் பார்ப்பதில்லை. விதிப்படி கட்டுவேன் என்று நானே உறுதி சொல்ல வேண்டும். விடைத்தாளை மாணவி கையிலேயே கொடுத்துத் திருத்தச் சொல்வது போன்றது இது. அப்படிச் சொன்னால் நல்ல மாணவிக்குக் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது.

முதல் நாள் வேலை சுலபமாக ஓடியது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முன்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு என்று விட வேண்டிய இடத்தைக் கழித்தபின் நடுவில் ஒரு பெட்டி மிஞ்சியது. அதற்குள்தான் வீடு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பெரிய அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது, உயரம் 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது. எங்கள் ஊரைப் போன்ற புழுக்கமான வெக்கை ஊர்களில் சன்னல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டுமாம். ஆறில் ஒன்று என்று எழுதியவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் பிறந்த வீட்டில் சன்னல் முப்பதில் ஒன்றுகூட இருக்காது. அது முருகைக்கல் வீடு. கடலில் வெட்டி வந்த பவளப்பாறையை அடுக்கிக் கட்டிய சுவர். கல்லுக்குக் கல் பூப்பூவாகப் பொத்தல். காய்ச்சலில் படுத்திருக்கும் நாட்களில் அந்தப் பூக்களை எண்ணிக்கொண்டிருப்பேன். அதே கல்லைச் சூளையில் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. கல்லும் கடல், சாந்தும் கடல். 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை எங்கள் ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு செங்கல் வருவதானால் ரயிலில் வர வேண்டும், இல்லையென்றால் தோணியில் வர வேண்டும். கைக்கு எட்டிய கல்லைக் கட்டினார்கள்.

அந்தக் கல்லுக்கு விலை என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி அலையைத் தாங்கி நின்ற பாறையை மனிதர்கள் வெட்டிக்கொண்டு போனது அதற்கு ஒரு காரணம். 1986இல் அந்தக் கடல் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இனி ஒரு கல்லைத் தொட முடியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன அன்று எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் எண்ணிய ஒவ்வொரு பூவும் ஒரு சிற்றுயிர் குடியிருந்த அறை. எங்கள் வீட்டைக் கட்ட எத்தனை வீட்டை இடித்திருக்கிறோம்!

இடிந்த வீடுகளை நினைத்தால் அப்பத்தா வந்துவிடுவார். 1964 டிசம்பர் 22 இரவு. நான் அம்மா வயிற்றில் ஏழு மாதம். அந்த இரவில்தான் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அப்பத்தாவின் குடிசை வடகடல் ஓரம், நாங்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் இருந்தது. விடிந்தபோது குடிசை இல்லை. மேட்டில் பனை மட்டும் நின்றது. அதைக் கட்டிக்கொண்டவர்கள் நின்றார்கள். அதன்பிறகு சாகும்வரை அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: "பனை நிக்கிற மேட்டுக்கு மேலதான் மனுசன். கீழ உள்ளது கடலோடது. சும்மா இருக்கச்சொல்லி விட்டுருக்கு, அம்புட்டுத்தான்."

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது அப்பத்தாவின் குரல்தான் கேட்டது. முதல் அறிவிக்கை 1991இல் வந்தது. உச்ச அலை தொடுகிற கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஊரகக் கரையில் முதல் 200 மீட்டரில் புது வீடு கூடாது. 2019இல் அதைத் திருத்தி, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் அந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தார்கள். அப்பத்தாவின் பனைமேடு கரையிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சட்டம் எங்கே நிற்கச் சொன்னாலும் என் கால் அந்த மேட்டுக்குக் கீழே இறங்காது. கரையோரத்துப் பழைய மனையை அப்படியே விட்டுவிட்டு ஊர் நடுவே இந்த ஐந்து சென்ட்டை வாங்கியது அதனால்தான். அந்த மனையில் இப்போது வலை காய்கிறது. அதுதான் சரி.

மறுபடி தாளுக்கு வந்தேன். ஆறில் ஒரு பங்கு சன்னலை எந்தப் பக்கம் வைப்பது? ஆடியில் கச்சான் மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் சன்னல் சின்னதாக இருக்கட்டும். கார்த்திகையில் வாடை வடக்கிலிருந்து சாரலை அடிக்கும்; அங்கே சன்ஷேடு அகலமாக வேண்டும். தெற்கே சோழகம். அதற்கு மட்டும் வீடு திறந்து கிடக்கலாம். காற்றின் பெயர் தெரியாதவர் இந்தத் தீவில் வீடு வரைய முடியாது.

காற்று சும்மா வருவதில்லை, உப்போடு வரும். கம்பிக் கணக்கை ஒரு பொறியாளரிடம் கொடுத்தேன். கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 கேட்பது எம் 30 கலவை. கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடல். தண்ணீர், சிமென்ட்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் கூடாது. மற்ற ஊர்களில் வீட்டுக்குள் 20 மில்லிமீட்டர் போதும் என்று விடுகிற இடம் இது. அப்பாவுக்கு அந்த எண்கள் எதுவும் தெரியாது. "கம்பிக்குச் சட்டை போடணும் தாயி. இந்த ஊர்ல கம்பிக்குக் குளுராது, அரிக்கும்" என்பார். தளம் போடுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் கையை விட்டுப் பார்ப்பார். கை நுழையாத இடத்தில் கவர் பிளாக் வைக்கச் சொல்வார். தண்ணீரை அதிகம் ஊற்றிக் கலக்குகிற சித்தாளிடம் மட்டும்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டிருக்கிறேன்.

அந்த அரிப்பு எங்கள் தீவின் கதை. மண்டபம் முகாமில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், உலோகத் தகடுகளை இந்தக் காற்றில் வைத்து அரிப்பை அளந்து பார்க்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 1964ஆம் ஆண்டுப் புயலையே தாண்டியது. அடிபட்டும் 46 நாளில் மீண்டு எழுந்தது. அதைக் கடைசியில் நிறுத்தியது துரு. 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. 45 மில்லிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காமல் இருக்க என்னால் முடியும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இரவில் மழையின் நினைவு வந்தது. 2024 நவம்பர் 20 பகலில் தங்கச்சிமடத்தில் 30 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. மனையில் முட்டிவரை தண்ணீர். சுற்றுத்தரையிலிருந்து வீட்டின் தரை 45 சென்டிமீட்டராவது உயர வேண்டும் என்பது விதித்தொகுப்பின் குறைந்த அளவு. மூன்றடி உயர்த்தலாம் என்று முதலில் மனை முழுவதும் மண் நிரப்பக் கணக்குப் போட்டேன். எத்தனை லோடு என்றுகூடப் பேசிவிட்டேன். அந்த நவம்பரில் தண்ணீர் எங்கே போய் நின்றது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. என் மனையை மேடாக்கினால் என் பங்குத் தண்ணீர் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் அடுப்படிக்குள் போகும். வீட்டின் தரையை மட்டும் உயர்த்தி, முற்றத்தை இருந்த மட்டத்திலேயே விட்டேன்.

பெரியம்மா என் வரைபடத்துக்குள் வந்தது அப்போதுதான். வந்தவர் போகவில்லை.

எங்கள் தீவின் நல்ல தண்ணீர் ஆழத்தில் கிடைப்பதல்ல. மணலில் இறங்கிய மழை, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. அதனால்தான் ஊரெங்கும் மல்லிகைப் பதியன் தழைக்கிறது. இங்கிருந்து போன நாற்றுதான் மதுரை மல்லியாகப் பூக்கிறது. வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு இருக்கிறது, அதில் உப்புக் கரிக்காத தண்ணீர். சின்ன வயதில் அதை ராமர் வில்லை ஊன்றி எடுத்த நீர் என்று கும்பிட்டேன். பெரியவளானபின் மணலின் கொடை என்று புரிந்தும் கும்பிடுகிறேன். அந்த மெல்லிய ஏட்டின்மேல்தான் நாம் கழிவறையும் கட்டுகிறோம். கழிவுநீர் உறிஞ்சும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறிப்பு. ஐம்பத்தொன்பது அடி.

என் கிணற்றை வலது பின்மூலையில் போட்டிருந்தேன். குழியை இடது முன்மூலைக்குத் தள்ளினால் இடைவெளி சரியாக வரும். கணக்குச் சரி, வரைபடம் அழகு. ஆனால் தாளின் இடது விளிம்புக்கு வெளியே, என் மனையில் இல்லாததால் நான் வரையாமல் விட்ட ஒன்று இருந்தது. பெரியம்மாவின் கிணறு. வேலியிலிருந்து எட்டே அடி. நான் குழி போடும் மூலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

குழியை வலது முன்பக்கம் மாற்றினேன். என் கிணற்றுக்குப் போதவில்லை. இடது பின்பக்கம் வைத்தேன், அதுவும் போதவில்லை. மூன்று இரவு, மூன்று தாள். என் கிணறு போட்ட இடத்திலேயே இருக்கும்வரை, முப்பத்தாறுக்கு அறுபதில் இரண்டு கிணற்றுக்கும் தப்புகிற ஓர் இடம் கிடையாது. அரசுக்கு நான் கொடுக்கும் வரைபடத்தில் பெரியம்மாவின் கிணற்றை வரையாவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. சுயசான்று என்ற சொல்லின் கனம் அன்றைக்குத்தான் தெரிந்தது. விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் விடும் இடம் பக்கத்து வீட்டின் காற்றுக்காக. கரையில் விடும் இடம் கடலுக்காகவும் வலை காயப்போடுகிறவருக்காகவும். ஒவ்வொன்றும் என் மனைக்கு வெளியே இருக்கும் யாரையோ என் தாளுக்குள் கூட்டிவருகிறது. அப்பா மணலில் கீறிய வீட்டுக்குள் வீட்டு அம்மா வந்து நின்று பார்த்தார். என் தாளில் பெரியம்மா நிற்க இடம் வேண்டும்.

விளிம்புக்கு வெளியே ஒரு வட்டம் போட்டு, 'கிணறு' என்று எழுதினேன். பிறகு என் கிணற்றை அழித்தேன். அது இருந்த வலது பின்மூலையில் குழி. பின்னால் தென்னந்தோப்பு, வலப்புறம் பாதை. அங்கே கிணறு இல்லை. மாடித் தண்ணீரை மண்ணில் இறக்குவது 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். அந்த மழைநீர்க் குழாயை வேலியோரம், பெரியம்மாவின் கிணற்றுக்குப் பக்கத்தில் இறக்கினேன். என் கூரையின் மழை அவர் கிணற்றின் ஊற்றுக்குப் போகட்டும்.

இதைச் சொல்லப் போனபோது அவர் மல்லிகைப் பதியனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "கெணறு இல்லாம வீடா? என் கெணத்துல எறைச்சுக்க. வேலியில ஒரு வாசல் விடு" என்றார். வரைபடத்தில் அந்த வாசலையும் போட்டேன்.

ஓர் அக்காவும் தங்கையும் ராமேஸ்வரம் நடந்து போகிறவர்கள் தங்கிப்போக இரண்டு மடம் கட்டினார்கள், அதனால்தான் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற பெயர் என்பது ஊர்ப் பேச்சு. முகம் தெரியாதவருக்கு வீடு கட்டியவர்களின் பெயரில் ஓர் ஊர். அங்கே முகம் தெரிந்தவரின் தண்ணீரைக் கெடுத்து வீடு கட்டினால் எப்படி?

வானம் தோண்டுவதற்கு முதல்நாள் தாளை மட்டும் நம்பாமல் கயிற்றை எடுத்தேன். அப்பாவின் பழைய கயிறு இற்றுப்போய்விட்டது, இது புதிது. பெரியம்மா தன் கிணற்றடியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பது வயது தாண்டியவர், வெயிலில், செருப்பில்லாமல். நான் மறுமுனையோடு பின்மூலைக்கு நடந்தேன். அறுபத்துநான்கு அடி. ஐந்தடி மிச்சம். கயிறு விறைத்ததும் கை வலிக்குமே என்று திரும்பிப் பார்த்தேன்.

"நா விடல தாயி. நீ கோட்டைப் போடு."