வளரும் பிள்ளைக்கு வாங்கிய சட்டை

சென்ற ஆண்டு மருத்துவர் என் குருதியிலுள்ள சர்க்கரையின் அளவைக் காட்டி, "இனி உடலை அசைத்தே ஆக வேண்டும், ஐயா" என்றார். ஐம்பத்து நான்கு வயதில் மீண்டும் மிதிவண்டி ஏறினேன். பட்டர்வொர்த்திலிருந்து பாகான் ஆஜாம் வழியாகத் தெலுக் ஆயர் தாவார் வரையிலும், கால் பழகிய பின் பெனாகா வயல்வெளி வரையிலும் ஞாயிறுதோறும் செல்லலானேன்.

முதல் நாளே பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. பருத்தி ஈரத்தைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும்; பாலியஸ்டர் இழையோ மிகச் சிறிதே ஏற்று விரைவில் உலரும். ஆகவே மிதிவண்டிக்குரிய உடை வாங்கப் புறப்பட்டேன். பெயர்பெற்ற ஐரோப்பிய உடைகள், விலைச் சீட்டைப் பார்த்ததும் ஆசிரியன் இருந்த இடத்திலேயே வைத்துவிடத் தக்கவை. மலிவானதைத் தேர்ந்தேன், அதிலும் ஓரளவு பெரிதாகத் தேர்ந்தேன்.

ஏன் பெரிது? தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாயார் பள்ளிச் சீருடையை என்றும் பெரிதாகவே வாங்குவார். "வளர்ற பிள்ளை, ரெண்டு வருசம் போடணும்" என்பார். அந்தக் குரல் என் கையை இன்னும் விடவில்லை.

விளைவு என்ன? தொளதொளத்த காற்சட்டைக்குள் பஞ்சுத்திண்டு இடம்பெயர்ந்து, தொடையை உராய்ந்து புண்ணாக்கியது. ஆசிரியர் கூட்டத்தை நின்றுகொண்டே நடத்தினேன். "போதுங்க, சைக்கிள விட்டுடுங்க" என்றார் மனைவி. விட்டுவிடவும் எண்ணினேன். மேசை மேலிருந்த மருத்துவர் சீட்டு விடவில்லை.

மறுமுறை, விலையைப் பாராமல் துணியைப் பார்த்தேன். உடையை உட்புறம் திருப்பித் தையல் தட்டையாக இருக்கிறதா எனத் தடவினேன். துணியை இழுத்து விட்டு, பழைய நிலைக்கு மீள்கிறதா எனக் கண்டேன். புறங்கை மேல் விரித்தபோது தோல் தெரிந்தால், குனியும்போதும் தெரியும் எனத் தள்ளினேன். திண்டு, அமரும் எலும்பு படும் இடத்தில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்க வேண்டும். அளவெழுத்தை நம்பலாகாது, ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொன்றுக்குப் பெரிது. அளவு நாடாவே சான்று.

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றால் நல்ல உடையும் முன்புறம் குட்டையாகவே தோன்றும். கைப்பிடியைப் பற்றுவதுபோல் குனிந்தேன், பொருந்தியது. மாணவனைச் செயலில் வைத்து மதிப்பிடுக என்று பயிற்சிக் கல்லூரியில் பயின்றதை உடைக்கு எண்ணிப் பார்க்க முப்பது ஆண்டு ஆயிற்று!

உடலை ஒட்டிய அவ்வுடையில் வெளியே செல்ல நாணம் தடுத்தது. பாகான் ஆஜாமில் எதிர்ப்பட்ட மாணவன் ஒருவன், "ஐயா, நீங்களா?" என்றான். நானும் சிரித்தேன், நாணம் அன்றே தீர்ந்தது.

தாயார் போட்ட கணக்குப் பிழையன்று. அது வளரும் உடலுக்கும் வற்றிய பணப்பைக்கும் உரிய கணக்கு. வளர்ந்து முடிந்த உடலுக்கு அதைப் போட்டவன் நான். பள்ளி தொடங்கும் நாளில் முழங்கை வரை தொங்கும் சட்டைக் கையோடு வரும் பிள்ளைகளைக் கண்டால், இப்போது நான் புன்னகைப்பதில்லை, அத்தாய்மாரை எண்ணிக்கொள்கிறேன்.

அண்மையில் சர்க்கரை குறைந்தது, இடுப்பும் குறைந்தது. அடுத்த காற்சட்டையைச் சிறிதாக வாங்க வேண்டும். தாயார் இருந்திருந்தால் பதறியிருப்பார்.