பாண்டித் 'தண்ணி'!

"பாண்டிச்சேரி போயிட்டு வந்தேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் கண்ணடித்து, "தண்ணி எப்படி?" என்பார். நாமும் தண்ணியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க் தண்ணி!

சிரிக்காதீங்க சார். தண்ணீருக்காக ஒரு பெண் பெயரில் மண்டபம் வைத்திருக்கும் ஊர் இது. சட்டசபைக்குப் பக்கத்தில் பாரதி பூங்கா. நடுவே வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்ததும், 'இடி' என்று உத்தரவு. அவளோ, "நானே இடிக்கிறேன்" என்று இடித்து, அங்கே குளம் வெட்டினாள் என்பது கதை. பிற்பாடு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852-70) பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாக எழுந்ததுதான் இந்த மண்டபம். இன்று புதுவை அரசின் சின்னமும் அதுவே.

எதிரே அவ்வளவு பெரிய கடல் இருந்து என்ன பிரயோஜனம்? நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, உப்புதான் உள்ளே வருகிறது. போர் தண்ணீர் வரும் பேச்சிலர் ரூம் என்றால் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மிதவை வால்வில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். படிந்தால் வால்வு சரியாக மூடாது. தண்ணீர் சத்தமில்லாமல் க்ளோசெட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மாடியில் மோட்டார் ஓடும், கீழே ஹவுஸ் ஓனர் முறைப்பார்!

சந்தேகமா? டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் அழுத்தக் கூடாது (ரூம் மேட்டைக் கட்டிப் போடவும்). க்ளோசெட்டில் நீலம் தெரிந்தால் ஒழுக்குதான். டேங்க் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வரை நின்றால் வால்வு போச்சு. அதற்குக் கீழே நின்றால் அடி வாஷர்.

வால்வு மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் பண்ணி டேங்கைக் காலி செய்யுங்கள். அடியில் பக்கெட். கனெக்ஷன் பைப்பைக் கழற்றி, உள்ளே வால்வை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருகுங்கள். பழசைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது உத்தமம். வாயால் வர்ணித்து வாங்கியவர்கள் ரெண்டாவது தடவையும் போயிருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை பிளம்பர் ஒருவரிடம் கேட்டேன். "இன்னா சார், எல்லாரும் ஸ்பானரைப் போட்டு முறுக்குறாங்க. பிளாஸ்டிக் மரை சார், புட்டுக்கும். கையால டைட் பண்ணு, அப்புறம் ஸ்பானர்ல கால் சுத்து, போதும். வெள்ளை டேப்பு, செவுத்துல ஆங்கிள் காக் ஏறுற எடத்துக்கு மட்டும்தான். கனெக்ஷன் பைப்புக்கு வாஷரே தாங்கும்!"

தண்ணீரை மெதுவாகத் திறந்து, நட்டுக்கு அடியில் பழைய பேப்பர் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அது நனையாமல் இருந்தால், பீச்சுக்குக் கிளம்பலாம்.